நோய்க்காலத்து செய்தியில பொம்பளைங்க: படத்துல இருக்காங்க, பேச்சுல காணோம்

ஏற்காட்டுல இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கு, ஜர்னலிசம் பி.ஜி. படிக்குதாம், ப்ராஜெக்ட்டுக்காக கொரோனா டைம் பேப்பரெல்லாம் எடுத்து பாத்துட்டு இருக்காம். "எங்க அம்மா மலையில ஆஷா (வீடு வீடா போற சுகாதாரப் பணியாளர்) வேலை பாக்குறாங்க, ரெண்டு அலையிலயும் எஸ்டேட் லைன் வீடெல்லாம் ஏறி இறங்குனாங்க, ஆனா பேப்பர்ல பாத்தா பெண்கள்னா ஒண்ணு அழுவுறாங்க, இல்ல தேவதையா இருக்காங்க, இல்ல மாஸ்க் போடாம திட்டு வாங்குறாங்க, எங்க அம்மா மாதிரி ஆளே எங்கயும் வரலையே ஏன்?" இதுதான் கேள்வி. நான் சேலத்துல ரொம்ப வருஷம் தமிழ் பேப்பர்ல நிருபரா இருந்தவ, இப்ப பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி கண்ணு.

முதல்ல ஒரு விஷயம், நீ படத்தை வச்சு எண்ணிட்டு இருக்க போல. படத்தை எண்ணுனா பொம்பளைங்க கம்மின்னு வரவே வராது. தடுப்பூசி கேம்ப்னா கியூவுல நிக்கிற பாட்டி, நிலவேம்பு கசாயம்னா டம்ளர் பிடிச்சுக்கிட்டு முகம் சுளிக்கிற காலேஜ் பொண்ணு, சாவுன்னா ஜி.எச். வாசல்ல மாரடிச்சு அழுவுற அம்மா, எல்லாம் பொம்பளைங்கதான். படத்துக்கு கீழ செய்தியை படி, அதுல "என்றார்", "தெரிவித்தார்", "கூறினார்"னு முடியுற வாக்கியத்தை மட்டும் எடுத்து யார் சொன்னதுன்னு பாரு. அங்கதான் காணாம போயிடுவாங்க. உன் ப்ராஜெக்ட்டுக்கு எண்ண வேண்டியது அதைத்தான், யார் தெரியுறாங்கங்கறது இல்ல, யார்கிட்ட கேட்டாங்கங்கறது.

இப்படி எண்ணுற வேலையை உலக அளவுல பண்றாங்க, குளோபல் மீடியா மானிட்டரிங் ப்ராஜெக்ட்னு பேரு, 1995-ல ஆரம்பிச்சு 5 வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே நாள் செய்தியை நாடு நாடா உக்காந்து எண்ணுவாங்க. 1995-ல செய்தியில வர்ற ஆளுங்க, பேசுற ஆளுங்கள்ல பெண்கள் 17 சதவீதம். 2020-ல, சரியா கொரோனா நடுவுல, 116 நாட்டுல எண்ணுனப்ப 25 சதவீதம். 25 வருஷத்துல 8 பாயிண்ட் ஏறியிருக்கு. அதே 2020-ல லூபா கசோவாங்கறவங்க கொரோனா செய்தியை மட்டும் எடுத்து இந்தியா உட்பட 6 நாட்டுல பாத்தாங்க, ஒரு பொம்பளை குரலுக்கு எதிர்ல மூணு, நாலு, அஞ்சு ஆம்பளை குரல்னு வந்துச்சு.

இப்ப அதுக்கு பக்கத்துல இன்னொரு நம்பரை வை. உலகத்துல சுகாதார வேலையில இருக்குறவங்கள்ல 70 சதவீதம் பெண்கள், ஆனா மேல்மட்ட பதவியில 25 சதவீதம்தான், இது உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது. அந்த 25-ம் செய்தியில வர்ற 25-ம் ஒண்ணா இருக்குறது தற்செயலா கூட இருக்கலாம், ஆனா மாவட்ட லெவல்ல செய்தி எப்படி தயாராகுதுன்னு தெரிஞ்சா உனக்கு பெருசா ஆச்சரியம் வராது.

எப்படி தயாராகுதுன்னு சொல்றேன். காலையில பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பு அதிகாரி, ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வரும், கலெக்டர் இன்னைக்கு இந்த இடத்துல ஆய்வுன்னு. எல்லாரும் ஓடுவாங்க. அங்க கலெக்டர் பேசுவார், அவருக்கு பக்கத்துல நிக்கிற சுகாதார துணை இயக்குனர் ரெண்டு வரி, அப்புறம் ஜி.எச்.க்கு வந்தா டீன் கேமரா முன்னாடி ரெண்டு வரி பேட்டி, சாயங்காலம் ஒரு அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ. ராத்திரி 7 மணிக்குள்ள அடிச்சு அனுப்பணும், போட்டோவும் பி.ஆர்.ஓ.வே அனுப்பிடுவார். இதுல நிருபர் எந்த இடத்துலயும் "பொம்பளைங்ககிட்ட கேக்க வேணாம்"னு முடிவு எடுக்கல பாத்தியா, பேச அதிகாரம் உள்ள நாற்காலியெல்லாம் எங்க இருக்கோ அங்க போனார், அவ்வளவுதான். அந்த கலெக்டர் கையில இருக்குற நம்பரு எங்க இருந்து வந்துச்சு? மலையில உங்க அம்மா வீடு வீடா கேட்டு நோட்டுல எழுதுனது, கீழ சமவெளியில நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், எழுதுனது. அவங்க அனுப்புற தாள் மேல ஏற ஏற பேரெல்லாம் உதிர்ந்துடும், வெறும் நம்பர் மட்டும்தான் கலெக்டர் கைக்கு போய் சேரும்.

சரி நிருபரே நேரா நர்சம்மாகிட்ட போய் கேக்கலாமேன்னா, அவங்க அரசு ஊழியர், பிரஸ்கிட்ட பேசக்கூடாது, நடத்தை விதி இருக்கு, பேசுனா மெமோ வரும். ஆஷா நிலைமை இன்னும் மோசம், அவங்க அரசு ஊழியர் கணக்குலயே வரல, ஊக்கத்தொகைக்கு வேலை பாக்குறவங்க, நாளைக்கு நீ வராதம்மான்னு சொன்னா போச்சு. இன்னொண்ணும் இருக்கு, தமிழ்நாட்டுல ஆஷாங்கறதே மலை, பழங்குடி ஏரியாலதான் இருக்காங்க, மத்த இடத்துல நர்சம்மா சிஸ்டம் முன்னாடியே ஸ்ட்ராங்கா இருந்ததால. அதனால சேலம் டவுன்ல உக்காந்து செய்தி எடிட் பண்றவருக்கு ஆஷான்னா வடநாட்டு சமாச்சாரம்னுதான் தோணும். 2022 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவோட ஆஷா பணியாளர் எல்லாருக்கும் சேத்து விருது குடுத்துச்சு, எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, அன்னைக்கு ஏற்காட்டுக்கு போய் ஒரு ஆஷாகிட்ட ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாம், 20 கொண்டை ஊசி வளைவு ஏறுனா போதும். ஏற்காடுன்னாலே கோடை விழா உண்டா இல்லையா, டூரிஸ்ட்டுக்கு இ-பாஸ் வேணுமா வேணாமா, இதுதான் செய்தி. வெளியாளுங்களுக்கு மலை திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரிஞ்சா போதும். காபி எஸ்டேட்ல கூலி நின்னு போன பொம்பளை அந்த கேள்விக்குள்ள வரவே மாட்டா.

பதவியில பொம்பளை இருந்தா எல்லாம் மாறிடும்னு நெனைக்காத. 2020-ல முதல் அலையில தமிழ்நாட்டு சுகாதாரத்துறை செயலாளர் பீலா ராஜேஷ், தினம் சாயங்காலம் டி.வி.ல வந்து எத்தனை பேர், எந்த மாவட்டம்னு சொல்லுவாங்க. மாநிலமே உக்காந்து கேட்டுச்சு. என்ன பேசுனோம்? இன்னைக்கு என்ன புடவை. புடவை கலரை வச்சு மீம், அதை வச்சு ஆன்லைன் செய்தி. ஜூன்ல அவங்களை மாத்திட்டு ராதாகிருஷ்ணன் வந்தார், அவர் சட்டையை வச்சு யாரும் மீம் போட்டதா எனக்கு தெரியல. 2017-ல சேலத்துக்கு முதல் பெண் கலெக்டரா ரோகிணி வந்தாங்க, வந்ததும் டெங்கு சீசன், அவங்களும் தெருத்தெருவா ஆய்வு பண்ணாங்க, ஆனா மகாராஷ்டிரால பொறந்தவங்க தமிழ் என்ன அழகா பேசுறாங்க பாருங்கற வீடியோ ஓடுன ஓட்டம் டெங்குக்காக அவங்க என்ன பண்ணாங்கங்கற செய்திக்கு கிடைக்கல.

கேரளாவுல அப்ப சுகாதார மந்திரியா இருந்த ஷைலஜா டீச்சர் கதை தெரியும்ல, வெளிநாட்டு பேப்பர்ல ராக்ஸ்டார் மந்திரின்னு எழுதுனாங்க, இங்க நம்ம மீடியாவுல டீச்சரம்மா, தாய் மாதிரின்னு எழுதுனாங்க, அப்புறம் 2020 ஜூன்ல அங்க காங்கிரஸ் தலைவர் முல்லப்பள்ளி ராமச்சந்திரன் "நிபா ராஜகுமாரி, கோவிட் ராணி"ன்னு கிண்டல் பண்ணார். மூணும் வேற வேற மாதிரி தெரியும், ஆனா மூணுலயும் டெஸ்டிங் எப்படி நடத்துனாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஆள் எப்படி போட்டாங்கங்கற விஷயம் ரெண்டாம் பட்சமா போயிடுச்சு. புகழ்றதுலயும் இந்த பிரச்சனை இருக்கு, இது உன் ப்ராஜெக்ட்ல கண்டிப்பா வரணும், ஏன்னா நெறைய பேர் நெகடிவ் செய்தியை மட்டும் கட் பண்ணி ஒட்டிட்டு மீடியா மோசம்னு முடிச்சிடுவாங்க.

புனேல மைலேப்ங்கற கம்பெனியில முதல் இந்திய டெஸ்ட் கிட் ரெடி பண்ண டீமுக்கு தலைமை மினல் போஸ்லே, வைராலஜிஸ்ட். 2020 மார்ச்ல கிட்டை ஒப்படைச்ச கையோட ஆஸ்பத்திரிக்கு போய் குழந்தை பெத்தாங்க. பெரிய விஷயம்தான், இல்லேங்கல. ஆனா அந்த வாரம் வந்த செய்தியை எடுத்து பாரு, பிரசவம் எத்தனை வரி, கிட் எப்படி வேலை செய்யுது, முன்னாடி 6, 7 மணி நேரம் ஆன டெஸ்ட்டை எப்படி ரெண்டரை மணி நேரத்துக்கு கொண்டு வந்தாங்கங்கறது எத்தனை வரின்னு. அதே நேரத்துல புனே வைராலஜி இன்ஸ்டிட்யூட்டுக்கு டைரக்டரா இருந்தது பிரியா ஆபிரகாம், நம்ம வேலூர் சி.எம்.சி.ல படிச்சு அங்கயே வேலை பாத்தவங்க. உலக சுகாதார நிறுவனத்துல தலைமை விஞ்ஞானி சௌமியா சுவாமிநாதன். தடுப்பூசி பத்தி கேக்கணும்னா ககன்தீப் காங், அவங்களும் வேலூர்தான். ஒரு காலத்துல இந்தியாவோட கொரோனா அறிவியலே முக்கால்வாசி பொம்பளைங்க கையில இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா நம்ம டி.வி. ராத்திரி 8 மணி விவாதத்துல நாலு கட்டம் போட்டா நாலுலயும் கோட்டு போட்ட ஆம்பளை டாக்டர், நடுவுல கேள்வி கேக்குறது மட்டும் சில நாள் ஒரு பொண்ணு.

அடுத்து டெங்கு. கொரோனாவை விட இதுல எனக்கு கோவம் ஜாஸ்தி, ஏன்னா இது வருஷா வருஷம் நடக்குது, யாரும் கவனிக்கிறது கூட இல்ல. 2017-ல தமிழ்நாட்டுல 23 ஆயிரத்துக்கு மேல டெங்கு கேஸ், அரசு கணக்குலயே 65 சாவு, சேலம் பக்கம் ரொம்ப மோசம். அப்ப தினம் வந்த படம் என்னன்னா, அதிகாரி ஒருத்தர் டிரம்முக்குள்ள டார்ச் அடிச்சு பாப்பார், பக்கத்துல நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டு வீட்டுக்கார அம்மா தலை குனிஞ்சு நிக்கும், கீழ "கொசுப்புழு இருந்த வீட்டுக்கு அபராதம்". இல்லன்னா "தண்ணீரை மூடி வைக்க இல்லத்தரசிகளுக்கு அறிவுரை".

இப்ப விஷயத்தை பாரு. ஏடிஸ் கொசு சாக்கடையில முட்டை போடாது, நல்ல தண்ணியிலதான் போடும். முட்டை கொசுவாக 7-ல இருந்து 10 நாள் ஆகும், அதனாலதான் வாரம் ஒரு தடவை டிரம்மை காலி பண்ணி தேச்சு கழுவுங்கன்னு சொல்றாங்க. சரி. 2016-ல வடகிழக்கு பருவமழை பொய்ச்சு போச்சு, 2017-ல மேட்டூர் டேம் வறண்டு கெடந்துச்சு, டவுனுக்கு வர்றதே மேட்டூர் தண்ணி. தாதகாப்பட்டி, அம்மாபேட்டை பக்கம் சந்துல குழாயில எப்ப தண்ணி வரும்னு யாருக்கும் தெரியாது, வாரம் தாண்டியும் வராம போகும். அடுத்து எப்ப வரும்னு தெரியாத தண்ணியை டிரம்மை கவுத்து ஊத்திட்டு தேச்சு கழுவுன்னா எந்த பொம்பளை ஊத்துவா? தண்ணி விடுற இடைவெளி கொசு வளர்ற நாளை விட நீளம். இந்த ஒரு வரியை எழுதியிருந்தா செய்தி வீட்டுக்கார அம்மாகிட்ட இருந்து மாநகராட்சிகிட்ட போயிருக்கும். அந்த வரியை யார் சொல்லியிருப்பா? தலை குனிஞ்சு நின்னாங்களே அந்த அம்மா. ஏம்மா கழுவலன்னு அதிகாரி கேட்டார், நிருபர் கேக்கல, நிருபர் அபராதம் எவ்வளவுன்னு அதிகாரிகிட்ட கேட்டார்.

இன்னொரு கூத்து, அந்த டிரம்முல மருந்து ஊத்துறதுக்கு வீடு வீடா வர்ற டி.பி.சி. பணியாளர்கள், அதாவது கொசுப்புழு தேடுறவங்க, சேலத்துல நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல பொம்பளைங்க, தினக்கூலி. எந்த தெருவுல எத்தனை நாளா தண்ணி வரலங்கறது அவங்களுக்குத்தான் அத்துபடி. போட்டோல ஓரத்துல வாளியோட நிப்பாங்க, சில பேப்பர் லே-அவுட்ல இடம் பத்தலன்னு கட் கூட பண்ணிடுவாங்க.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. 2016-ல ஜிகா வந்தப்போ, அதுவும் இதே ஏடிஸ் கொசுதான், எல் சால்வடார் நாட்டு அரசு 2018 வரைக்கும் பெண்கள் கர்ப்பம் ஆக வேணாம்னு அறிவுரை சொல்லுச்சு. ஆம்பளைங்களுக்கு ஒரு அறிவுரையும் இல்ல. கருக்கலைப்பு முழுசா தடை உள்ள நாடு அது. பிரேசில்ல இருந்து வந்த படமெல்லாம் தலை சின்னதா பொறந்த குழந்தையை மடியில வச்சிருக்குற அம்மா. கொசு யாரால வந்துச்சு, எந்த ஏரியாவுல குழாய் தண்ணி இல்லங்கறது பின்னாடி போயிடுச்சு.

நோயை பரப்புனவங்கன்னு காட்டுறது இன்னொரு வகை, இதுக்கு வயசு நூறுக்கு மேல. நியூயார்க்ல மேரி மேலன்னு ஒரு ஐரிஷ் சமையல்காரம்மா, டைபாய்டு கிருமி உடம்புல இருக்கும், அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. 1907-ல புடிச்சு தீவுல அடைச்சாங்க, 1910-ல விட்டாங்க, மறுபடி சமையல் வேலைக்கு போனதால 1915-ல திரும்ப புடிச்சு 1938-ல சாகுற வரைக்கும் அங்கயேதான். 1909-ல ஒரு பேப்பர் அந்தம்மா வாணலியில மண்டை ஓட்டை உடைச்சு ஊத்துற மாதிரி படம் போட்டுச்சு. அதே காலத்துல அதே மாதிரி கிருமி சுமந்த ஆம்பளைங்க இருந்தாங்க, டோனி லபெல்லான்னு ஒருத்தரால மேரியை விட ஜாஸ்தி பேருக்கு வந்துச்சு, அவர் பேரு உனக்கு தெரியுமா? யாருக்கும் தெரியாது. 2020 மார்ச்ல அதே கதை இங்க, பெங்களூர்ல இருந்து ஆக்ராவுக்கு அம்மா வீட்டுக்கு போன ஒரு புதுப்பொண்ணை தனிமைப்படுத்தல்ல இருந்து தப்பி ஓடிட்டான்னு டி.வி.யெல்லாம் போட்டு வறுத்தாங்க, ஹனிமூன் போட்டோ வரைக்கும் போச்சு. புருஷனுக்கு பாசிட்டிவ்னு ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்கன்னு குடும்பத்துல சொன்னது ரொம்ப நாள் கழிச்சு சின்ன எழுத்துல வந்துச்சு.

நம்ம மாவட்டத்துக்கு இதுல ஒரு நெருக்கமான கதை இருக்கு. 1986-ல இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி. கண்டுபிடிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். பாலியல் தொழில் பண்ற பெண்கள்கிட்ட எடுத்த ரத்தத்துல 6 பேருக்கு இருந்துச்சு, வேலூர்ல டெஸ்ட் பண்ணி உறுதியாச்சு. கண்டுபிடிச்சதும் பெண்கள், கண்டுபிடிக்கப்பட்டதும் பெண்கள். அதுக்கு அப்புறம் பல வருஷம் பேப்பர்ல எய்ட்ஸ்னா அந்த பெண்கள்தான் மூலம்ங்கற மாதிரியே எழுதுனாங்க, பெண்களை ஹோம்ல அடைச்சு வச்சதையும் தடுப்பு நடவடிக்கைன்னே எழுதுனாங்க. ஷ்யாமளா நடராஜ்னு ஒரு பத்திரிகையாளர் ஐகோர்ட் வரைக்கும் போய் அவங்களை வெளிய கொண்டு வந்தாங்க. அப்புறம் லாரி டிரைவர்ங்க மூலமா பரவுதுன்னு பேச ஆரம்பிச்சதும் நிருபருங்க லாரி ஊரான நாமக்கல், சங்ககிரி பக்கம் வந்தாங்க. நாமக்கல் அப்ப சேலம் மாவட்டம்தான், 1997-லதான் பிரிஞ்சுது. அந்த நாமக்கல்ல இருந்து கௌசல்யான்னு ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்லயே புருஷன் மூலமா தொற்று வந்தவங்க, எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு வெளிப்படையா மீடியாவுல பேசுனாங்க, 1998-ல பாசிட்டிவ் பெண்களுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. ஒரு ஆள் வாயை திறந்ததும் கதை மாறுச்சு பாரு, "பரப்புற பொம்பளை"ங்கற இடத்துல "வீட்டுல இருந்தும் தொற்று வந்த பொம்பளை" வந்தா. அது வரைக்கும் அந்த வகை ஆளே செய்தியில கெடையாது, ஊர்ல மட்டும் இருந்தாங்க.

நடுவுல ஒண்ணு, 2021-ல கோயம்புத்தூர்ல ஒரு ஆதீனத்துல கொரோனா தேவின்னு சிலை வச்சு பூஜை பண்ணாங்க. அங்க பிளேக் மாரியம்மன் கோயில் ரொம்ப காலமா இருக்கு, அதனால புதுசு இல்ல. எனக்கு சிரிப்பு வந்தது எதுக்குன்னா, சிலை வச்சதும் பூஜை பண்ணதும் ஆம்பளைங்க, மூடநம்பிக்கைன்னு கட்டுரை எழுதுனவங்க பாதி பேர் பொம்பளைங்களை திட்டுனாங்க.

சரி, தேவதை விஷயத்துக்கு வரேன். 2020 மார்ச் 22 கை தட்டுனோம், மே 3-ம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்ல இருந்து ஆஸ்பத்திரி மேல பூ தூவுனாங்க. நர்ஸ்னா வெள்ளை தேவதை, குழந்தையை விட்டுட்டு டூட்டிக்கு வந்த தாய், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து குழந்தைக்கு கை காட்டுற படம். பார்க்க நல்லாத்தான் இருக்கும், எனக்கே கண் கலங்கியிருக்கு. ஆனா கவச உடை போட்டா ஆறு மணி நேரம் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, பீரியட்ஸ் நாள்னா நரகம், உடையும் ஆம்பளை சைஸ், இதை எழுதுனவங்க ரொம்ப கம்மி. சம்பளத்தை எழுதுனவங்க அதை விட கம்மி. தேவதைகிட்ட யாராவது சம்பளம் கேப்பாங்களா? அந்த படத்தோட பிரச்சனையே அதுதான், தியாகம்னு எழுதிட்டா கான்ட்ராக்ட் பத்தி எழுத வேண்டியதில்ல. கொரோனாவுக்காக தற்காலிகமா எடுத்த நர்சுங்க ரெண்டாயிரத்துக்கு மேல, 2022 டிசம்பர் 31-ஓட வேலை முடிஞ்சுதுன்னு அரசு சொல்லிடுச்சு. புத்தாண்டு அன்னைக்கு அவங்க வந்து போராட்டம் பண்ணது எங்க தெரியுமா, நம்ம சேலத்துல. போலீஸ் வந்து கைது பண்ணுச்சு. ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி பூ விழுந்த அதே ஆளுங்க.

கேக்காம விட்டதால செய்தியே தப்பா போன இடமும் இருக்கு. 2020 மே 7-ம் தேதி டாஸ்மாக் திறந்தாங்க, மறுநாளே ஐகோர்ட் மூட சொல்லுச்சு, 15-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தடை போட்டதும் 16-ல இருந்து மறுபடி திறந்துச்சு. வெயில்ல வட்டம் போட்டு நின்ன ஆம்பளைங்க படம், குடை பிடிச்சு வந்தவர் படம், டோக்கன் கலர், வசூல் எத்தனை கோடி, அவ்வளவும் காமெடி மாதிரி ஓடுச்சு. பல ஊர்ல பொம்பளைங்க கடை முன்னாடி உக்காந்து மறியல் பண்ணதுக்கு மாவட்ட பக்கத்துல நாலு வரி. அந்த மார்ச் 25-ல இருந்து மே 31 வரைக்கும் தேசிய மகளிர் ஆணையத்துக்கு குடும்ப வன்முறை புகார் மட்டும் 1,477 வந்துச்சு. இதுல ஒரு கணக்கை மறந்துடாத, அடி வாங்குற பெண்கள்ல யார்கிட்டயாவது உதவி கேக்குறவங்களே 14 சதவீதம்தான்னு 2015-16 தேசிய குடும்பநல சர்வே சொல்லுது, அதுலயும் லாக்டவுன்ல போன் புருஷன் கையில. அப்ப அந்த 1,477 எவ்வளவு பெரிய விஷயத்தோட நுனின்னு பாரு. சேலம் மாவட்டத்துல பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசு பட்டறை, கொண்டலாம்பட்டி தறி, எல்லாம் நின்னு வீட்டுக்குள்ள காசும் இல்லாம கடையும் திறந்த அந்த மே மாசம் எப்படி இருந்துச்சுன்னு நாலு பொம்பளைகிட்ட கேட்டிருந்தா முதல் பக்க செய்தி.

தடுப்பூசியும் அப்படித்தான். 2021 ஏப்ரல்ல பீரியட்ஸுக்கு 5 நாள் முன்னாடியும் 5 நாள் பின்னாடியும் ஊசி போடக்கூடாதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு புரளி ஓடுச்சு, அரசு பொய்னு சொல்லுச்சு, பேப்பரும் போட்டாங்க, அது சரிதான், அப்படி எந்த தடையும் இல்ல. ஆனா அதுக்கு அப்புறம் ஊசி போட்டு டேட் தள்ளி போச்சுன்னு சொன்ன பொண்ணுங்களையும் அதே புரளி பெட்டியில போட்டு மூடிட்டாங்க. 2022 ஜனவரில அமெரிக்காவுல கிட்டத்தட்ட 4 ஆயிரம் பெண்களை வச்சு பண்ண ஆய்வு வந்துச்சு, சுழற்சி சராசரியா ஒரு நாளுக்கும் கம்மியா தள்ளி போகுது, பயப்பட ஒண்ணும் இல்லன்னு. அதுக்கு பல மாசம் முன்னாடியே பொண்ணுங்க சொன்னதை கேட்டு டாக்டர்கிட்ட விளக்கம் வாங்கி போட்டிருந்தா பயந்துக்கிட்டு ஊசி போடாம இருந்தவங்க பல பேர் போட்டிருப்பாங்க.

இப்ப ப்ராஜெக்ட்டுக்கு. கொரோனா முழுசையும் எடுக்காத, செத்துடுவ. நாலு வாரம் எடு: 2017 அக்டோபர்ல ஒரு வாரம், 2020 மே முதல் வாரம், 2021 மே ஏதாவது ஒரு வாரம், 2023 ஜனவரி முதல் வாரம். சேலம் எடிஷன் மட்டும், ரெண்டு பேப்பர் போதும். மாவட்ட மைய நூலகத்துல முதல்ல கேளு, இல்லன்னா பேப்பர் ஆபீஸ்லயே பைல் இருக்கும், லெட்டர் கொண்டு போனா குடுப்பாங்க. ஒவ்வொரு செய்திக்கும் யார் பேசுனாங்க, ஆணா பெண்ணா, எந்த முறையில பேசுனாங்க, அதாவது அதிகாரியாவா, நிபுணராவா, பாதிக்கப்பட்டவங்களாவா, சும்மா ரோட்டுல நின்னவங்களாவா, பேரோட பதவி வந்துச்சா இல்ல இன்னாரு மனைவி, இத்தனை குழந்தைகளின் தாய்னு வந்துச்சா, படத்துல யாரு, படத்துல இருக்குற ஆள் செய்தியில பேசுனாங்களா, இவ்வளவும் டேபிள்ல தனித்தனி கட்டம். கடைசி கட்டம்தான் உனக்கு சோறு போடும். தமிழ்நாடு அரசு தினம் விட்ட கொரோனா புல்லட்டின் பழசெல்லாம் தேடுனா கிடைக்கும், அதுல ஆண், பெண், திருநங்கைன்னு பிரிச்சே குடுத்திருப்பாங்க, பேப்பர்ல மொத்தம் மட்டும் எடுத்துக்கிட்டாங்களா, பிரிச்சதையும் போட்டாங்களான்னு ஒப்பிடு, இது யாரும் அதிகமா பண்ணாத வேலை.

2023 ஜனவரி வாரத்துல நர்ஸ் போராட்ட செய்தி வரும்ல, அதுல முதல் மேற்கோள் நர்சோடதா, மந்திரியோடதா, போலீசோடதான்னு தனியா குறிச்சு வை, 2020 மே வாரத்து நர்ஸ் செய்தியோட பக்கத்துல வச்சு பாக்க வேண்டியிருக்கும். அம்மாவை பேட்டி எடுக்குறதா இருந்தா கஷ்டப்பட்டீங்களான்னு கேக்காத, எந்த வீட்டை முதல்ல பாத்தீங்க, யார் மறைச்சாங்க, எப்படி கண்டுபிடிச்சீங்க, மேல என்ன அனுப்புனீங்க, திரும்பி என்ன வந்துச்சுன்னு கேளு, அதை நிபுணர் கட்டத்துல போடு. அப்புறம் ஒரு 30 செய்தியை உன் கிளாஸ்ல வேற ஒருத்தர்கிட்ட குடுத்து நீ போட்டதை காட்டாம அவங்களையும் கோடிங் பண்ண, அதாவது அதே கட்டங்களை நிரப்ப சொல்லு. ரெண்டு பேரும் வேற வேற போட்ட செய்தியை தூக்கி போட்டுடாத, தனி பைல்ல வை, வைவால வர்ற எக்ஸ்டர்னல் நேரா அதைத்தான் கேப்பார்.